திரும்பி வரும் கலம்: குடிபானப் புட்டிகளும் திருச்சபையின் பொறுப்பும்

சித்திரைத் திங்களில் அழகர்மலையிலிருந்து புறப்பட்டுவரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, மூன்றுமாவடி தொடங்கித் தல்லாகுளம் வரை நடைபெறுகிறது. அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கும் அழகர் மறுநாள் விடியலில் வைகையில் இறங்குகிறார். கடுங்கோடையில் இலட்சக்கணக்கில் கூடும் மக்களின் தாகம் தீர்க்கச் சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நீர்மோரும் பானகமும் வழங்குவது இந்நகரின் நெடுங்கால வழக்கம். தம்முடையவர்களுக்கு அளிக்கப்படும் ஒரு கலம் தண்ணீரையும் நம் ஆண்டவர் மறவாமல் கணக்கில் கொண்டார் (மாற்கு 9:41) என்பதை அறிந்த நாம், பிற சமயத்தார் செய்யும் இவ்வறத்தை மதித்துப் போற்றுதல் தகும்.

ஆயின், அத்தண்ணீர் எத்தகைய கலத்தில் வழங்கப்படுகிறது, குடித்து முடித்தபின் அக்கலம் எங்கே செல்கிறது என்னும் வினாக்களை நாம் மிக அரிதாகவே எழுப்புகிறோம். திருவிழா முடிந்த காலையில் தெருவெங்கும் கிடக்கும் குவளைகளையும் புட்டிகளையும் அள்ளுவோர் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர். அந்த மாநகராட்சியின் தலைமை அலுவலகமும் தல்லாகுளத்திலேயே அமைந்திருக்கிறது. அள்ளப்பட்டவை அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைச் சென்றடைகின்றன. நம் பெருவிழாக் கூட்டங்கள், அறுப்பின் பண்டிகைகள், திருமண விருந்துகள் ஆகியவற்றின் மறுநாட் காலையும் இதனின்று வேறுபட்டதன்று. ஆகவே, குடிபானக் கலங்களின் வரலாற்றையும், நெகிழி எனப்படும் பிளாஸ்டிக் மறுசுழற்சியின் உண்மையான இயல்பையும் விளக்கி, இதில் திருச்சபைக்குள்ள பொறுப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திரும்பி வந்த கலம்

கோலி சோடாப் புட்டியை அறியாதவர் நம்மிடையே இலர். ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். புட்டியின் கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலி இருக்கும். சோடா நிரப்பப்படும்போது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் அக்கோலியை மேலே தள்ளி, வாயிலுள்ள இரப்பர் வளையத்தோடு இறுகப் பொருத்திவிடும். மூடிக்கென வேறொரு பொருள் தேவையில்லை. கோலியை விரலால் அழுத்தினால் புட்டி திறந்துகொள்ளும்; சரித்துக் குடிக்கும்போது கழுத்திலுள்ள பள்ளம் கோலியைத் தடுத்து நிறுத்தும்.

இப்புட்டியின் சிறப்பு அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை. அதைச் சூழ்ந்திருந்த பொருளாதார ஒழுங்கிலும் இருந்தது. குடிப்பவர் விலை கொடுத்தது உள்ளிருந்த பானத்துக்கே. புட்டி சோடாக் கம்பெனிக்கே உரியதாயிருந்தது. கடையில் நின்று குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பித் தரவேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்றால் முன்பணம் கட்டவேண்டும். காலிப் புட்டிகள் கம்பெனிக்குச் சென்று கழுவி நிரப்பப்பட்டு மீண்டும் வந்தன. ஊருக்கு ஊர் சோடாக் கம்பெனிகள் இருந்தமையால் புட்டி நெடுந்தொலைவு பயணம் செய்யவில்லை. 1916ஆம் ஆண்டில் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனமும் பின்னாளில் அது வெளியிட்ட பொவண்டோவும் நெடுங்காலம் கண்ணாடிப் புட்டிகளிலேயே விற்கப்பட்டுத் தென்மாவட்டங்களில் புகழ்பெற்றன. கலத்துக்கு உடையவர் ஒருவர் இருந்ததால் அதைத் தெருவில் விட்டுவிட எவரும் துணியவில்லை.

2. உடையவரற்ற கலம்

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலார் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் இதனைச் சுருக்கமாகப் பெட் என்பர். முதலில் இது செயற்கை இழையாகப் பயன்பட்டது. பாலியெஸ்டர் துணி இதுவே. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த நத்தானியேல் வையத் என்பவர் சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பெட் புட்டிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். சோதனைக் குழாயைப் போன்ற தடித்த வார்ப்பு ஒன்றைச் சூடாக்கி, அச்சினுள் வைத்து, நீட்டிக் காற்றை ஊதினால் அது புட்டியாக விரிகிறது. இவ்வாறு நீட்டப்படும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைப்படுவதாலேயே மெல்லிய அப்புட்டிக்கு இத்துணை வலிமை உண்டாகிறது.

எடை குறைவு, உடையாமை, மலிவு ஆகிய மூன்றும் இதன் நலன்கள். 1990களில் பன்னாட்டுக் குடிபான நிறுவனங்கள் இந்தியச் சந்தையில் வேரூன்றியபோது இப்புட்டியும் பரவியது. தொலைவிலுள்ள ஒரே பெரிய ஆலையிலிருந்து பல மாவட்டங்களுக்கு அனுப்புவது எளிதாயிற்று. காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவரும் செலவும் கழுவும் செலவும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நீங்கின. எனினும் அச்செலவு அடியோடு மறைந்துவிடவில்லை. அது நகராட்சியின் கணக்குக்கும், ஆற்றின் கணக்குக்கும், குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழையின் உடலுக்கும் மாற்றப்பட்டது. இம்மாற்றமே நம் ஆய்வின் மையமாகும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தல்லாகுளம் தமுக்கத்தில் திரண்ட இளைஞர் கூட்டத்தை மதுரை மறந்திராது. அவ்வெழுச்சியைத் தொடர்ந்து, அவ்வாண்டு மார்ச் 1 முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. ஆற்றுநீர் சுரண்டப்படுவதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. உள்நாட்டுப் பானங்களின் விற்பனை உயர்ந்தது. ஆனால் அவையும் பெரும்பாலும் பெட் புட்டிகளிலேயே வந்தன. பானத்தின் பெயர் மாறியதேயன்றிக் கலத்தின் ஒழுங்கு மாறவில்லை.

3. மறுசுழற்சியின் உண்மை நிலை

பெட் புட்டியை மறுசுழற்சி செய்ய இயலும் என்பது மெய்யே. பொறுக்கப்பட்ட புட்டிகள் பழைய இரும்புக் கடையில் எடைக்கு விற்கப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, அமுக்கிக் கட்டப்பட்டு ஆலைக்குச் செல்கின்றன. அங்கே சிறு சில்லுகளாக வெட்டி நீரிலிடும்போது, நீரைவிட அடர்த்தி மிகுந்த பெட் மூழ்கும். மூடிக்குரிய வேறுவகை நெகிழி மிதக்கும். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் பசையும் அழுக்கும் அகற்றப்பட்டபின், சில்லுகள் நன்கு உலர்த்தி உருக்கப்படுகின்றன. ஈரம் எஞ்சினால் உருக்கும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டுப் பொருள் வலிமை குன்றும்.

ஒவ்வொரு முறை உருக்கும்போதும் இத்தேய்வு ஓரளவு நிகழ்வதால், பழைய புட்டிகளிற் பெரும்பங்கு மீண்டும் புட்டியாவதில்லை. பாலியெஸ்டர் இழையாகித் துணியாகவும் மெத்தைப் பஞ்சாகவும் மாறுகிறது. அத்துணி கிழிந்தபின் அதை மீட்பது மிக அரிது. உலகளவில் 2015ஆம் ஆண்டு வரை குப்பையான நெகிழி முழுவதையும் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், அதில் 9 விழுக்காடே மறுசுழற்சி பெற்றது என்றும், 12 விழுக்காடு எரிக்கப்பட்டது என்றும், எஞ்சிய 79 விழுக்காடு குப்பை மேடுகளிலும் இயற்கைச் சூழலிலும் தங்கிவிட்டது என்றும் 2017இல் வெளியிட்டனர்.

நம் நாட்டில் பெட் புட்டி மட்டும் பிற நெகிழிகளைவிட மிகுதியாகத் திரட்டப்படுகிறது. அதற்குக் காரணம் நிறுவனங்களின் நல்லெண்ணமன்று. அப்புட்டிக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் விலையும், அவ்விலைக்காக விடியுமுன் தெருவில் இறங்கும் மனிதருமே. அவர்களுட் பெரும்பாலோர் தலித் மக்களும் பெண்களும் ஆவர். கையுறையோ காப்பீடோ ஓய்வூதியமோ பலருக்கு இல்லை. 'மறுசுழற்சி செய்யத்தக்கது' எனப் புட்டியில் அச்சிட்டிருப்பதை மெய்யாக்குவது இவர்களுடைய உழைப்பு.

4. மதுரை கண்ட ஒரு வழி

திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் ஆர். வாசுதேவன், நெகிழிக் குப்பையைக் கொண்டு சாலை அமைக்கும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சாலைக்குரிய கருங்கல் ஜல்லியை ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்மீது துருவிய நெகிழியைத் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பின்னர்த் தார் சேர்க்கும்போது கல்லும் தாரும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. நீர் எளிதில் உட்புகுவதில்லை. பழைய இரும்புக் கடையும் ஏற்க மறுக்கும் மெல்லிய உறைகளுக்கு இஃது ஒரு நற்பயனாகும்.

எனினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. பெட் உருகுவதற்கு 250 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. ஆகையால் தண்ணீர்ப் புட்டி இதற்கு ஏற்றதன்று. குப்பையை ஓரளவு பயனுள்ளதாக்கும் எவ்வழியும், மேலும் குப்பையை உண்டாக்க நமக்குக் கிடைத்த உரிமமாகிவிடக் கூடாது. ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் பான்ஹோஃபர், மனந்திரும்புதலின்றி வழங்கப்படும் மன்னிப்பை மலிவான கிருபை என்று கண்டித்தார். பயன்பாட்டைக் குறைக்கும் எண்ணமே இன்றி மறுசுழற்சியை மட்டும் நம்பியிருப்பது அத்தகைய மலிவான ஆறுதலேயாம்.

5. சட்டம் காட்டிய வழியும் பத்து ரூபாய் கற்பித்த பாடமும்

ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், நெகிழிக் குவளை ஆகியவற்றோடு நெகிழி பூசிய காகிதக் குவளையும் அவற்றுள் அடங்கும். காகிதமென நாம் நம்பும் குவளையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. இரண்டையும் பிரித்தல் கடினம். இக்குவளைகள் மீதான தடையை உச்சநீதிமன்றமும் 2023இல் நிலைநிறுத்தியது. ஆனால் பெட் புட்டி அத்தடைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

2022இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், கலத்தைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறியை வகுத்தன. புட்டி போன்ற கெட்டியான நெகிழிக் கலங்களில் 2025-26இல் 30 விழுக்காடும் 2028-29இல் 60 விழுக்காடும் மறுசுழற்சிப் பொருள் இருத்தல் வேண்டும் என இலக்குக் குறித்தன. இது நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனம் இப்பொறுப்பைச் சான்றிதழ்களை விலைக்கு வாங்கியும் நிறைவேற்றலாம். ஆகவே, தல்லாகுளத்துத் தெருவில் கிடக்கும் ஒரு புட்டி அதன் உடையவரிடம் திரும்பும் என்பதற்கு இது உறுதியளிப்பதில்லை.

திரும்பச் செய்யும் வழியை நாம் எதிர்பாராத ஓரிடத்தில் காண்கிறோம். நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுப்புட்டிகளின் உடைசல்கள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் காயப்படுத்துவதைக் கருத்திற்கொண்டு சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. அதன் விளைவாக 2022 மே மாதம் அம்மாவட்ட மதுக்கடைகளில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் அத்தொகையைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. புட்டிகளிற் பெரும்பகுதி திரும்பி வந்தமையால் அத்திட்டம் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

மதுவிலக்கை வலியுறுத்தும் திருச்சபை மதுக்கடையிடம் பாடம் கற்பதோ எனச் சிலர் வினவக்கூடும். அநீதியுள்ள உக்கிராணக்காரனின் செயலை ஏற்காமலே அவனுடைய விவேகத்தை ஆண்டவர் எடுத்துக்காட்டினார் (லூக்கா 16:1-8). மது விற்பனையை ஏற்காமலே, அங்கு நிறுவப்பட்ட உண்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம். எறியப்பட்ட கலத்துக்கு ஒரு மதிப்புக் குறிக்கப்பட்டால் அது திரும்பி வரும் என்பதே அவ்வுண்மை. 1971இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. 2003 முதல் ஜெர்மனி ஒருமுறைப் புட்டிகளுக்கு 25 சென்ட் முன்பணம் விதிக்கிறது; அங்கே 100க்கு 90க்கு மேற்பட்ட புட்டிகள் திரும்புகின்றன. நம் சோடாக் கடைக்காரர் இவ்வழியை எச்சட்டமும் இல்லாமலே கைக்கொண்டிருந்தார்.

அதே வேளையில், கண்ணாடி எந்நிலையிலும் மேலானது எனக் கூறுவதும் பொருந்தாது. கண்ணாடியை உருக்க ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும்; அதன் எடையும் பல மடங்கு அதிகம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் கண்ணாடிப் புட்டி, பெட் புட்டியைவிடப் பெருஞ்சுமையாகவே அமையும். பலமுறை கழுவி நிரப்பப்படும்போதும் குறைந்த தொலைவிற்குள் சுழலும்போதுமே கண்ணாடி வெல்லும். எப்பொருளால் ஆனது என்பதைவிடத் திரும்பி வருகிறதா என்பதே முதன்மையான வினா.

6. கலமும் சாதியும்

இங்கே நாம் எளிதிற் கடந்துசெல்லக் கூடாத இடறல் ஒன்றுண்டு. கழுவி மீண்டும் பயன்படுத்தும் குவளைக்குத் திரும்புவோம் எனக் கூறும்போது, தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை நம் நினைவுக்கு வரவேண்டும். தலித் மக்களுக்கெனத் தனிக் குவளை வைத்து, அதை அவர்களே கழுவி வைக்குமாறு செய்த கொடுமை அது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்திற்குப் பின்னும் பல சிற்றூர்களில் அது நீடித்தது. எறியத்தக்க குவளை வந்தபோது அவ்வேறுபாடு சில இடங்களில் மறைந்ததுபோல் தோன்றியது. ஆனால் வேறு சில இடங்களில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும் மறு சாராருக்கு எறியும் குவளையும் தரப்பட்டு, பழைய தீட்டு புதிய உருக்கொண்டது.

ஆகவே எறியும் குவளையை விரும்பும் மனப்பான்மையில் சுகாதார அக்கறை மட்டுமே உள்ளது எனக் கூற இயலாது. முன்பின் அறியாத ஒருவர் வாய்வைத்த கலத்தை நாம் தொடமாட்டோம் என்னும் அச்சமும் அதில் கலந்திருக்கக்கூடும். நம் சபைகளின் வரலாறும் இதிற் குற்றமற்றதன்று. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்கவேண்டும் எனக் கட்டளையிட்டபோது, திருவிருந்தில் ஒரே கிண்ணத்திற் பங்குபெற மனமின்றிப் பலர் பிரிந்து சென்றனர். மறுபயன்பாட்டைப் பற்றிய பேச்சு இவ்வரலாற்றை அறிந்த பேச்சாக இருத்தல் வேண்டும். ஒரே வகைக் குவளை, எல்லாருக்கும் ஒரே இடத்தில் கழுவுதல், கழுவுவோர்க்கு நேரிய ஊதியம், அப்பணி ஒரே சாதியார் தலையில் விழாதபடி முறைவைத்தல் ஆகியன இல்லையேல், சுற்றுச்சூழலின் பெயரால் பழைய அநீதி திரும்பிவிடும்.

7. திருமறை ஒளியில்

கலங்களைப் பற்றிய ஒரு சிறு விதி லேவியராகமத்தில் உண்டு. பலியிறைச்சி சமைத்த மண்பாண்டம் உடைக்கப்பட வேண்டும், செப்புப் பாத்திரம் துலக்கிக் கழுவப்பட வேண்டும் (லேவி. 6:28). அதன் முதற்பொருள் வழிபாட்டுத் தூய்மையே. இக்காலச் சூழலியலை அதில் வலிந்து ஏற்றுதல் கூடாது. எனினும் பண்டைய உலகம் அறிந்த இருவகைக் கலங்களை அது நமக்குக் காட்டுகிறது: உடைந்து மண்ணோடு சேரும் கலம், கழுவி மீண்டும் ஆளப்படும் கலம். மண்ணாகவும் மாறாமல், கழுவி ஆளவும் படாமல், நுண்துகள்களாகச் சிதையும் கலத்தை நம் தலைமுறையே படைத்தது. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, புட்டித் தண்ணீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சராசரியாக ஏறத்தாழ 2,40,000 நெகிழித் துகள்கள் இருப்பதாகக் கண்டது. கலம் எறியப்படுமுன்னரே நம்முள் புகத் தொடங்குகிறது.

ஐயாயிரம் பேர் உண்டபின் மீந்த துணிக்கைகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் சீடர்களுக்கே கட்டளையிட்டார் (யோவான் 6:12). விருந்தளித்தவரே எஞ்சியதற்கும் பொறுப்பேற்றார். அப்பணியை ஊரிலுள்ள எளியோருக்கென விட்டுச் செல்லவில்லை. அறுப்பில் மறந்துவிட்ட கதிரைத் திக்கற்றவர்க்கும் விதவைக்கும் விட்டுவிடச் சட்டம் கூறியது (உபா. 24:19). விட்டுவிடச் சொன்னது உணவாகும் கதிரை. நாமோ கழிவை விட்டுவிட்டு, அதைப் பொறுக்குவோர்க்கு வாழ்வளித்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

8. சபைகள் செய்யத்தக்கவை

முதலாவது, சபையின் விருந்துகளிலும் பெருவிழாக்களிலும் சிறு தண்ணீர்ப் புட்டிகளையும் எறியும் குவளைகளையும் நிறுத்தி, எவர்சில்வர் டம்ளரும் பெரிய நீர்க்கலமும் வைக்கலாம். வறண்ட மதுரையில் கழுவ நீர் ஏது என வினவுவோருக்கு, தொட்டியில் அலசும் முறை குறைந்த நீரையே கொள்ளும் என்பதும், அந்நீர் ஆலய வளாகத்து மரங்களுக்குப் பாயும் என்பதும் விடையாகும்.

இரண்டாவது, நம் கல்லூரிகள், மருத்துவமனைகள், விடுதிகள் ஆகியவற்றின் சிற்றுண்டிச் சாலைகள், திருப்பித் தரத்தக்க கண்ணாடிப் புட்டியில் வரும் பானங்களையே வாங்க முடிவுசெய்யலாம். நிலையான வாங்குவோர் இருந்தால் உள்ளூர்ச் சோடாக் கம்பெனிகள் உயிர்பெறும்.

மூன்றாவது, தவிர்க்க இயலாத புட்டிகளைத் தனியே சேர்த்து, அப்பகுதியில் பொறுக்கிப் பிழைப்போரிடம் தூய்மையாக ஒப்படைத்து, அவர்களின் பெயரையும் தேவையையும் சபை அறிந்துகொள்ளலாம். அடையாள அட்டை, காப்பீடு ஆகியவற்றை அவர்கள் பெறுவதற்குத் துணைநிற்பதும் அருட்பணியே.

நான்காவது, மதுப்புட்டிக்கு வந்த முன்பணத் திட்டம் தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் உரிய புட்டிகளுக்கும் வரவேண்டும் எனப் பேராயங்கள் தீர்மானம் இயற்றி அரசை வேண்டலாம். அத்திட்டத்தில் இன்று புட்டி பொறுக்கி வாழ்வோர் வேலையிழக்காமல், திரட்டும் நிலையங்களில் அவர்களுக்கே முதலிடம் தரப்படவேண்டும் எனவும் அத்தீர்மானம் கூறவேண்டும்.

தாகமுற்றவர்க்குத் தண்ணீர் கொடுப்பது நற்செயல். அத்தண்ணீரைத் தாங்கிய கலம் இன்னொருவர்மேல் சுமையாக விழாதபடி காப்பதும் அந்நற்செயலின் ஒரு பகுதியே. அடுத்த அறுப்பின் பண்டிகைக்கான குழு கூடும்போது, எத்தனை புட்டி வாங்குவது என்னும் வினாவுக்கு முன், அவற்றை மறுநாள் யார் அள்ளுவார் என்னும் வினாவை நம் சபையார் கேட்பார்களாக.